ஏழாம் பாகமும் இருபத்திரண்டு பக்கங்களும்

ஞாயிற்றுக்கிழமை, காலை 11.20.

நேரம் எப்படி இவ்வளவு துல்லியமாகத் தெரியும் என்கிறீர்களா? குக்கரின் மூன்றாவது விசிலுக்காகச் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். விசில் வரவில்லை. அதற்குப் பதிலாக ஹாலில் மேஜை மேலிருந்த என் மகள் பவித்ராவின் போன் அதிர ஆரம்பித்தது. ஒரு முறை, இரண்டு முறை... அப்புறம் நிற்கவே இல்லை. அதிர்ந்து அதிர்ந்தே மேஜை ஓரத்துக்கு நகர்ந்து, தொப்பென்று கீழே விழுந்தது.

"அம்மா, ஓடி வா! என் ரிவ்யூவுக்கு கமெண்ட்டு வந்துகினே இருக்குது!"

சந்தோஷமாகத்தான் கூப்பிட்டாள் பாவம்.

வாராவாரம் இந்தப் பக்கத்தில் எங்கள் வீட்டுக் கூத்து எதையாவது சொல்லி உங்களைச் சிரிக்க வைப்பது என் வழக்கம். இந்த வாரம் அது முடியாது. கோபத்தில் எழுதுகிறேன். யார் மேல் கோபம் என்று கேட்டால் ஒரு பெரிய கூட்டத்தின் மேல். அந்தக் கூட்டத்தில் ஒருத்தியாக நானும் நிற்கிறேன், அதுதான் கொடுமை.

பவிக்குப் பத்தொன்பது வயது. காலேஜில் இரண்டாம் வருடம். அவளுக்கும் எனக்கும் ஒரே பைத்தியம் — யாளி மேல் ஏறிப் பறக்கிற ராஜாக்கள், ஏழு நாடுகள், ஏழு குலங்கள், ஒரு மந்திர வாள் என்று வருடக் கணக்கில் போய்க்கொண்டிருக்கும் ஒரு நாவல் வரிசை. பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அந்த ரசிகர் படை இந்தப் பத்திரிகை ஆபீஸ் வாசலுக்கும் வந்துவிடும். ஏழாம் பாகம் சமீபத்தில் வந்தது. ஆயிரத்துச் சொச்சம் பக்கம். தலைக்கு வைத்துப் படுத்தால் கழுத்து பிடித்துக்கொள்ளும்.

நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து படிக்கிறோம். நான், பவி, கச்சிராயபாளையத்தில் நர்ஸாக இருக்கும் ரெஜினா, என்னோடு ஆபீஸில் வேலை பார்க்கும் இரண்டு தோழிகள். ஐந்து பேருக்கும் ஒரே பிரதிதான். அது எப்படி என்கிறீர்களா? புத்தகம் வந்த சில நாளில் ஜமால் பாய் வீட்டுக்கு எடுத்துப் போவோம். காலேஜ் பிள்ளைகளின் ரெக்கார்டு நோட்டு, வக்கீல்களின் கட்டு எல்லாம் பைண்டிங் செய்கிறவர். அட்டையைப் பிரித்து, புத்தகத்தை ஐந்து துண்டாக்கி, ஒவ்வொன்றுக்கும் பழைய காலண்டர் அட்டையை ஒட்டித் தருவார். நான் முதல் துண்டை முடித்ததும் அது அடுத்தவருக்குப் போகும், எனக்கு இரண்டாவது வரும். இப்படி ஐந்து துண்டும் ஐந்து வீட்டைச் சுற்றி வரும். பஸ்ஸில் படிக்கலாம், நின்றுகொண்டு படிக்கலாம். ஓரம் ஒரே சீராக இருக்க வேண்டும் என்பது பாயின் கொள்கை. கத்தியைக் கொஞ்சம் தாராளமாகவே இறக்குவார். பக்க எண் அடியில் இருப்பதால் பல பக்கங்களில் எண்ணே இருக்காது. எங்களுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. கதைதானே முக்கியம்?

பவி ஐந்து துண்டையும் முடித்தாள். கோபத்தோடு முடித்தாள். ஞாயிறு காலை அந்த நாவலுக்கென்று இருக்கும் வாசகர் பக்கத்தில் பத்து நிமிஷம் பேசி வீடியோவாகப் போட்டாள்.

"வணக்கம், நான் கள்ளக்குறிச்சியிலேர்ந்து பவித்ரா" என்று ஆரம்பித்தாள். நான் அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். நாவலில் ஈங்கை என்று ஒருத்தி வருகிறாள். மலைநாட்டுத் தலைவனின் மகள். ஆறு பாகம் முழுக்க ராஜாவுக்காகச் சண்டை போட்டவள். ஏழாம் பாகத்தில் திடீரென்று ராஜாவின் கோட்டைக்குத் தீ வைத்துவிட்டு எதிரியோடு போய்ச் சேர்கிறாள். ஏன்? காரணமே இல்லை. மலைநாட்டுக்காரர்கள் என்றால் இந்த ஆசிரியருக்கு இரண்டே வேலைதான் தெரியும் — ஒன்று ராஜாவுக்காகச் சாவது, இல்லாவிட்டால் ராஜாவுக்குத் துரோகம் செய்வது. இதுதான் அவள் சொன்னதன் சாரம்.

கடைசியில் ஒன்று சொன்னாள். "என் க்ளாஸ்ல கல்வராயன் மலையிலேர்ந்து மூணு பொண்ணுங்க வராங்க. அவங்க யாருக்காகவும் சாவறதுக்கு வர்ல. டிகிரி வாங்க வராங்க."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தப் பெருமைக்கு ஆயுள் சரியாக இருபது நிமிஷம்.

முதல் பத்து கமெண்ட் சண்டை என்றாலும் நியாயமான சண்டை. அதற்கு அப்புறம்தான் படை இறங்கியது.

"மூஞ்சியப் பாத்தாலே தெரியுது, மலைக்காரிக்கு சப்போர்ட்டு."

"சமையல் கத்துக்கோ செல்லம், இலக்கியம் நாங்க பாத்துக்கறோம்."

"கள்ளக்குறிச்சியா? பாக்கெட்ட ஒடச்சி வுட்டுட்டு படிச்சியா?"

இந்தக் கடைசி கமெண்டுக்குக் கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள்.

கருணாபுரம் எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். பாக்கெட் கள்ளச்சாராயம் குடித்து அத்தனை பேர் செத்த அந்த நாட்களில் அங்கே தெருவில் அடுத்தடுத்துப் பந்தல் போட்டிருந்ததை நான் பார்த்தேன். பவியோடு பள்ளியில் படித்த ஒரு பெண்ணின் அப்பா அதில் ஒரு பந்தலுக்குள் கிடத்தப்பட்டிருந்தார். அந்தப் பெண்ணின் கையை என் மகள் நாள் முழுக்க விடவே இல்லை. அந்தச் சாவு இவர்களுக்கு ஒரு ஜோக். நாவலில் ராஜாவின் யாளி செத்ததற்கு மூன்று நாள் சாப்பிடவில்லை என்று எழுதியவர்கள் இவர்கள். அதே பக்கத்தில், அதே ஆட்கள்!

ஏழு பாகம் படித்திருக்கிறீர்களே ஐயா... ஒரு பெண்ணிடம் எப்படிப் பேசுவது என்று ஏழில் ஒன்றிலாவது வரவில்லையா?

சரி. இப்போது என் விஷயத்துக்கு வருகிறேன்.

திட்டியவர்கள் எல்லோரும் நடுநடுவே ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். "மொதல்ல ‘ஈரச் சாம்பல்’ அத்தியாயத்தைப் படி. அதுல காரணம் இருக்கு. படிக்காமலே பேச வந்துட்டா பொய்க்காரி."

பவி திரும்பி என்னைப் பார்த்தாள். "ஈரச் சாம்பலா? அப்டி ஒரு அத்தியாயமே இல்லியேம்மா. நீயும்தான படிச்ச, இருக்குதா இன்னா?"

இருக்கிறது. இருபத்திரண்டு பக்கம். அதை எடுத்தவள் நான்.

புத்தகம் வந்ததும் முதலில் படிப்பவள் நான்தான். பைண்டிங்குக்குக் கொடுப்பதற்கு முன்பே பாதியைத் தாண்டிவிட்டிருந்தேன். ஆபீஸ் சாப்பாட்டு இடைவேளையில் அந்த அத்தியாயம் வந்தது. ராஜாவின் சொந்தப் படை ஈங்கையின் ஊருக்குள் நுழைகிறது. அவளை என்ன செய்கிறார்கள் என்று ஆசிரியர் ஒன்று விடாமல் எழுதியிருக்கிறார். நான் டப்பாவை மூடிவிட்டேன். தயிர் சாதம் அப்படியே வீட்டுக்குத் திரும்பி வந்தது.

அன்று எனக்குள் ஓடியதெல்லாம் ஒன்றுதான். பவி இதைப் படிக்கக் கூடாது. பேப்பரில் வருவதை மறைக்க முடியாது. டிவியை மறைக்க முடியாது. போனை? கேட்கவே வேண்டாம். ஆனால் இது என் கையில் இருக்கிறது. எப்படியும் துண்டு போடப்போகிற புத்தகம். இதை மறைக்கலாமே?

"பாய், இந்த ஒரு அத்தியாயத்தை மட்டும் தனியா எடுத்துடுங்க" என்றேன்.

"ஏங்க மேடம், அச்சு சரியில்லீங்களா?"

"பொண்ணு படிக்கப் போறா பாய்."

அவர் இரண்டு பக்கம் புரட்டினார். கண்ணாடியைக் கழற்றினார். "எனக்கும் ரெண்டு பொண்ணு இருக்குதுங்க. ஆனா புக்குல கை வெக்கிறது நமக்கு சரியா படலீங்க."

சொன்னாரே தவிர, என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கை வைத்தார். "புதுத் தாள்ல ஆரம்பிச்சி தாளோட முடியுதுங்க. தடம் தெரியாது."

அத்தியாயங்களுக்கு எண் கிடையாது, தலைப்பு மட்டும்தான். பக்க எண்ணைக் கத்தி பார்த்துக்கொள்ளும். மிச்சம் இருந்தது முன்னால் இருந்த பொருளடக்கத் தாள். அதையும் நானே உருவிக்கொண்டேன். திருடனுக்குக்கூட அவ்வளவு முன்யோசனை இருக்காது. அந்த இருபத்திரண்டு பக்கத்தையும் நூல் போட்டுக் கட்டி, மற்ற மூன்று பேருக்கும் தனியாக அனுப்பினேன். பெரியவர்கள் படிக்கலாம் இல்லையா! பவிக்கு மட்டும்தான் கிடையாது. அவளுக்கு ஓட்டு இருக்கிறது, டிரைவிங் லைசென்ஸ் இருக்கிறது. அதெல்லாம் எனக்கு ஞாபகம் வரவில்லை.

ஆகவே அன்று என் மகள் கேட்டபோது நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"ஞாபகம் இல்லயே பவி... படிச்சி ரொம்ப நாளாயிடுச்சி."

அவள் அதை அப்படியே நம்பினாள். நம்பி எழுதினாள்: "நான் எழுத்து விடாமல் படித்தவள். என் அம்மாவும் படித்திருக்கிறார். அப்படி ஒரு அத்தியாயமே கிடையாது. பொய் சொல்வது நீங்கள்."

ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. ஒருவன் பொருளடக்கப் பக்கத்தைப் போட்டோ எடுத்துப் போட்டான். ‘ஈரச் சாம்பல்’ என்ற வரியைச் சுற்றி சிவப்பு வட்டம். அப்புறம் என்ன? கொண்டாட்டம்தான். அம்மாவும் பொய், பொண்ணும் பொய். அவள் படத்தை எடுத்து வெட்டி ஒட்டி... அதை இங்கே எழுத என் கை வராது. ஒருவன் அவள் காலேஜ் பெயரைக் கண்டுபிடித்தான். இன்னொருவன், "திங்கக்கிழமை காலேஜ் பஸ் ஸ்டாப்புக்கு மாலையோட வரோம், ரெடியா இரு" என்றான்.

வெட்டி ஒட்டிய அந்தப் படத்துக்கு ஓர் இதயம் விழுந்திருந்தது. போட்டவர் யார் என்று பார்த்தேன். நாவலாசிரியர். பெண்களின் கண்ணீரைப் பற்றி ஏழு பாகம் எழுதிய மகான். பார்க்காமல் விரல் பட்டிருக்கும் என்று ரெஜினா பிற்பாடு சொன்னாள். பட்டிருக்கட்டும். எடுத்திருக்கலாமே?

பவி அழவில்லை. ஐந்து துண்டையும் கொண்டுவந்து தரையில் பரப்பினாள். உட்கார்ந்து ஒவ்வொரு தாளாகப் புரட்டினாள். மூன்றாவது துண்டில் ஒரு பக்கத்தில் 612 என்பதன் தலை மட்டும் மிஞ்சியிருந்தது. அதற்கடுத்த தாளில் எண் இல்லை. அதற்கடுத்ததில் 637.

"அம்மா, இங்க பாரு. நடுவுல பக்கம் இல்ல. பாய் வுட்டுட்டாரு போல."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். குக்கர் அடங்கிவிட்டது. வீட்டில் நாங்கள் இரண்டே பேர். வாயைத் திறந்து, "நான்தான்" என்று நாலு எழுத்தைக் கூட்டிச் சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

"இருக்கும்" என்றேன். "அவருக்கு வயசாயிடுச்சி இல்ல... கண்ணு சரியா தெரியல."

அவள் எழுந்தாள். செருப்பைப் போட்டாள். "போய் கேட்டுட்டு வரேன். பாயே சொல்லட்டும், அத ரெக்கார்ட் பண்ணி போட்டா இவனுங்க வாய மூடுவானுங்க இல்ல?"

நான் தடுக்கவில்லை. எப்படித் தடுப்பது? என்ன காரணம் சொல்லித் தடுப்பது?

ஒரு மணி பத்து நிமிஷத்துக்கு பாய் கூப்பிட்டார்.

"மேடம், பவி பாப்பா வந்துச்சிங்க. ஏன் பாய் பக்கத்த வுட்டீங்கன்னு கேட்டுச்சி. கண்ணு தெரியலையா உங்களுக்குன்னு கேட்டுச்சிங்க. முப்பது வருசமா பண்ற தொழிலுங்க இது. நான் இன்னா சொல்றது? உள்ளத சொல்லிட்டேங்க. தனியா கட்டி மத்தவங்களுக்கு அனுப்புனீங்களே, அதையும்."

"அவ என்ன சொன்னா பாய்?"

"தண்ணி கேட்டுச்சி, குடுத்தேன். மன்னிச்சிக்கோங்க பாய்னுச்சி. பஸ் ஸ்டாண்டு பக்கம் போயிடுச்சிங்க."

பவியின் போன் அணைக்கப்பட்டிருந்தது.

ஒரு பக்கம் மாலையோடு வருகிறேன் என்று சொல்கிறவன். இன்னொரு பக்கம் அம்மா முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் கிளம்பிப் போன பெண். இந்த இரண்டுக்கும் நடுவில் பஸ் ஸ்டாண்டில் நான் ஓடினேன். ஒவ்வொரு பஸ்ஸாக எட்டிப் பார்த்தேன். போன் வைத்துக்கொண்டிருந்த ஒவ்வொரு இளைஞனும் எனக்கு அவனாகத் தெரிந்தான். நீயா எழுதினாய்? நீயா? ஒருவன் பயந்துபோய், "இன்னா ஆன்ட்டி, எதுனா தொலச்சிட்டீங்களா?" என்று கேட்டான். நல்ல பிள்ளை.

என் வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில் கரும்பு டிராக்டரோடு காலையிலிருந்து வரிசையில் நிற்கிறார்.

"இன்னா இப்ப போன் பண்ற? முன்னாடி நாலு வண்டிதான் நிக்குது" என்றார்.

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நாவலே படிக்காத மனிதர்.

"ஒரு புக்குக்கா? ஒரு கத புக்குக்கா இத்தினி பேரு சண்டைக்கி வரானுங்க?" என்றார். அப்புறம் குரல் மாறியது. "சரி, அவனுங்க எவனோ. நீ ஏன்டி கிழிச்ச?"

உள்ளே நுழைந்த அடுத்த பஸ்ஸின் ஜன்னல்களை எட்டிப் பார்த்தேன்.

"வண்டிய பக்கத்து ஆளுகிட்ட வுட்டுட்டு வரேன். நீ ஸ்டாண்ட வுட்டு நகராத."

அவர் வைத்த அடுத்த நிமிஷம் ரெஜினா கூப்பிட்டாள்.

"அக்கா, பவி இங்க வந்துட்டு போனா."

உட்கார்ந்துவிட்டேன். பஸ் ஸ்டாண்ட் சிமெண்ட் பெஞ்சு, வெயிலில் கொதித்துக்கொண்டிருந்தது. அது உறைக்கவே இல்லை.

"எங்க அவ? கூட இருக்காளா?"

"இல்லக்கா. சர்ச்சுலேர்ந்து இப்பதான் வந்து சோறு வடிச்சிகினு இருந்தேன். வாசல்ல வந்து நின்னா. ‘அக்கா, அந்த கட்டு கடைசியா உங்கிட்டதான வந்திருக்கும், குடு’ன்னா. குடுத்துட்டேன்."

"ஏன் குடுத்த ரெஜி?"

"ஏன் குடுக்கக் கூடாது?" அவள் குரலும் ஏறியது. "நானும் அதப் படிச்சேன். பிரசவ வார்டுல வேல பாக்குறேன், இத விட கேவலத்த நேர்ல பாக்குறேன். எனக்கு அனுப்புவீங்க, அவளுக்கு மறைப்பீங்க. அதுவும் கட்டு மேல துண்டு சீட்டுல ‘பவிக்குத் தெரிய வேண்டாம்’னு எழுதி வேற ஒட்டியிருந்தீங்க. அத பிச்சிப் போட மறந்துட்டேன். சீட்டோடதான் குடுத்தேன்."

என் கையெழுத்து. அழகான கையெழுத்து என்று எல்லோரும் சொல்வார்கள்.

"உள்ள உக்காந்து படின்னு சொன்னேங்கா. ‘வேணாம், யாரும் இல்லாத எடத்துல படிக்கணும்’னா. வெள்ளிமலை பஸ்ல ஏறிட்டா. அவ க்ளாஸ்மேட் வூடு அங்க இருக்குதாம். மேல சிக்னல் கெடைக்காது, அதனால கத்தாதீங்க. கெளம்பி இங்க வாங்க. எறங்குற பஸ்ஸு எல்லாம் இங்க வந்துதான் போகும்."

வீட்டுக்காரரை நேரே கச்சிராயபாளையத்துக்கு வரச் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். வழியெல்லாம் போனைத் திறந்து அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே போனேன். பார்க்கக் கூடாது என்று தெரியும். பல்லில் வலி இருந்தால் நாக்கு அங்கேயே போகிறதே, அந்த மாதிரி. ‘பொய்க்காரி பவித்ரா’ என்று ஒரு தனிப் பதிவே ஓடிக்கொண்டிருந்தது. அவள் ஓடி ஒளிந்துவிட்டாள் என்று வெற்றி முழக்கம் வேறு.

கச்சிராயபாளையத்தில் இறங்கி, பஸ் நிறுத்தத்தில் இருந்த டீக்கடைப் பெஞ்சில் ரெஜினாவோடு உட்கார்ந்தேன். நாலு மணி வாக்கில் ஒரு பஸ் வந்தது. அதில் அவள் இல்லை.

அப்போதுதான் எழுதினேன். என் சொந்தப் பெயரில், என் சொந்தப் படத்தோடு. "பவித்ரா பொய் சொல்லவில்லை. அந்த அத்தியாயத்தை அவளுக்குத் தெரியாமல் புத்தகத்திலிருந்து எடுத்தவள் நான், அவளுடைய அம்மா. அவள் கேட்டபோதும் மறைத்தேன். திட்ட வேண்டும் என்றால் என்னைத் திட்டுங்கள்."

வாசகர்களே, நான் எதை எதிர்பார்த்தேன் தெரியுமா? நாலு பேராவது, நாலே நாலு பேராவது, "அடடா, தப்பாப் பேசிட்டோமே" என்று எழுதுவார்கள் என்று எதிர்பார்த்தேன். படிக்கிறவர்கள் ஆயிற்றே! நானும் இத்தனை வருடமாக அப்படித்தானே நம்பி வந்தேன், படிக்கிற மனிதன் கொஞ்சம் மெதுவாகக் கல்லெடுப்பான் என்று?

ஒருவர்கூட எழுதவில்லை. ஒருவர்கூட. குறி மட்டும் மாறியது.

"சென்சார் போர்டு ஆன்ட்டி வாழ்க!"

"அம்மாவே இப்படின்னா பொண்ணு எப்படி இருக்கும்?"

"எடுத்தது யாரா இருந்தா என்ன? படிக்காம பேசினது பேசினதுதானே."

பத்து நிமிஷத்தில் என் முகத்தில் கத்தரிக்கோலை ஒட்டி ஒரு படம் வந்துவிட்டது. அவர்களுக்கு உண்மை தேவைப்படவே இல்லை. அடிப்பதற்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. காலையில் மகள், மாலையில் அம்மா. அவ்வளவுதான் வித்தியாசம். ஒரு நாவலின் மேல் இவ்வளவு பக்தி என்கிறார்களே, அந்த நாவலைப் பற்றி ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, அந்தப் பொருளடக்கப் போட்டோவுக்கு அப்புறம் அங்கே யாரும் பேசவில்லை. பவி ஒருத்திதான் பேசினாள்.

ரெஜினா எட்டிப் பார்த்தாள். "கத்தரிக்கோல் நல்லாதாங்கா இருக்குது" என்றாள். முறைத்தேன். "சிரிக்கலன்னா அழுதுடுவேன், அதான்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஐந்து மணிக்கு என் வீட்டுக்காரர் யாருடைய பைக்கிலோ வந்து இறங்கினார். சட்டையெல்லாம் கரும்புத் தூசி. என்னோடு பேசவில்லை. மலைப் பாதையைப் பார்த்துக்கொண்டு நின்றுகொண்டார். அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன். குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

ஐந்து நாற்பதுக்கு அடுத்த பஸ் இறங்கி வந்தது. காய்கறி மூட்டைகள், கைக்குழந்தைகள், கடைசியில் பவி. கையில் நூல் கட்டு. அதன் மேல் என் துண்டுச் சீட்டு அப்படியே இருந்தது.

அப்பாவிடம் போனாள். அவர் கையிலிருந்த டீயை வாங்கி ஒரே மடக்காகக் குடித்தாள். "வண்டிய வுட்டுட்டா வந்த?" என்று அவரைக் கேட்டாள். பிறகுதான் என் பக்கம் திரும்பினாள்.

ஆயிரம் வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன். வாயில் வந்தது ஒன்றுதான். "படிச்சிட்டியா?"

"ரெண்டு வாட்டி."

"பவி, நான் வந்து..."

"இரும்மா. இருவத்திரண்டு பக்கத்துல ஈங்கைக்கு நடந்தது நாலே பக்கம். மீதி பதினெட்டு பக்கமும் அத கேட்டு ராஜா எப்டி அழுதாரு, எப்டி துடிச்சாருன்னுதான். அவ ஒரு வார்த்த பேசல. ஒண்ணே ஒண்ணு கூட. நான் சொன்னது தப்பே இல்ல. நாளைக்கு இதையும் சேத்து சொல்லப் போறேன்."

"நாளைக்கா? வேணாம் பவி. அவனுங்க பஸ் ஸ்டாப்புக்கு வரேன்னு எழுதியிருக்கானுங்க. ரெண்டு நாளைக்கு நீ காலேஜுக்கே போவ வேணாம். எனக்கு பயமா இருக்குதுடி."

அவள் என்னைப் பார்த்தாள். கோபம் இல்லாத பார்வை. கோபமாக இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"ரெண்டு வருசமா டெய்லி பஸ்ல போய்க்கினு வந்துகினு இருக்கேன்" என்றாள். "அதுல எனக்கு இன்னா இன்னா நடக்குதுன்னு ஒரு நாளாவது உங்கிட்ட சொல்லியிருக்கேனா? ஏன் சொல்லல தெரியுமா? சொன்னா, என்னையும் இப்டிதான் தனியா எடுத்து வூட்டுல வெச்சிடுவ."